பழைய வீட்டுச் சுவருக்கு இன்சுலேஷன்: குளிரைத் தடுக்கும்முன் ஈரத்துக்கு வழி பாருங்கள்

லண்டனில் ஈஸ்ட் ஹாம், மேனர் பார்க், டூட்டிங் என்று நம்மவர்கள் நிறைந்த பகுதிகளில் தெருத்தெருவாக நிற்பவை விக்டோரியா, எட்வர்ட் காலத்து வரிசை வீடுகள். நூறு வயது தாண்டிய செங்கல் சுவர்கள். ஜனவரியில் ஹீட்டிங் ஓடிக்கொண்டே இருந்தாலும் சுவரோரக் கட்டிலில் படுத்தால் முதுகில் குளிர் ஏறும். அலமாரியை நகர்த்திப் பார்த்தால் பின்னால் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை. யாரைக் கேட்டாலும், “உள்பக்கம் இன்சுலேஷன் அடித்துவிடுங்கள், குளிரும் போகும், பூஞ்சையும் போகும்” என்பார்கள்.

குளிர் குறைவது உண்மை. ஈரம் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. இன்சுலேஷன் தண்ணீரை வீட்டைவிட்டு வெளியேற்றுவதில்லை. சுவரின் எந்தப் பகுதி சூடாக இருக்கும், எந்தப் பகுதி குளிர்ந்துபோகும் என்பதை அது மாற்றுகிறது. அதோடு சேர்ந்து தண்ணீர் தங்கும் இடமும் மாறிவிடுகிறது. அதைக் கணக்கில் எடுக்காமல் வேலையை முடித்தால், முன்பு கண்ணெதிரே இருந்த பூஞ்சை போர்டுக்குப் பின்னால் போய் ஒளிந்து வளரும். ஆகவே இங்கே வெப்பத்தைவிட ஈரத்தைப் பற்றியே அதிகம் பேசப்போகிறேன்.

முதலில் உங்கள் சுவர் எந்த வகை என்று பாருங்கள். வெளியே நின்று செங்கல் அடுக்கைக் கவனியுங்கள். ஒரே வரிசையில் செங்கலின் நீளப்பக்கம், அப்புறம் குறுகிய முனை, மறுபடி நீளப்பக்கம் என்று மாறிமாறி வந்தால் அநேகமாக அது நடுவில் இடைவெளி இல்லாத முழுச் சுவர். அந்த முனைகள் எல்லாம் சுவரின் குறுக்கே படுத்திருக்கும் செங்கற்கள். தடிமன் ஒன்பது அங்குலம், அதாவது 225 மி.மீ. அளவு. எல்லாமே நீளப்பக்கமாக இருந்தால் அநேகமாக இரண்டு மெல்லிய சுவர்களும் நடுவே காற்று இடைவெளியும் இருக்கும். இந்த இரண்டாவது வகை 1920-களிலும் 30-களிலும்தான் பரவலானது. அதற்கு வைத்தியமே வேறு, இங்கே அதைத் தொடவில்லை. வெளிப்பூச்சு செங்கல்லை மறைத்திருந்தால் வாசல் நிலையருகே தடிமனை அளந்து பாருங்கள். பூச்சோடு சேர்த்து 25 செ.மீ. பக்கம் வந்தால் முழுச் சுவர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்த முழுச் சுவர்கள் சுண்ணாம்புக் கலவையால் கட்டப்பட்டவை. உள்பூச்சும் சுண்ணாம்புதான். மழை அடித்தால் செங்கல்லும் சாந்தும் தண்ணீரைக் குடிக்கும். காற்றும் வெயிலும் வந்தால் காய்ந்துவிடும். மண்பானை எப்படி ஊறி ஊறி வெளிப்பக்கம் காய்கிறதோ அப்படித்தான் இந்தச் சுவரும். தண்ணீரை உள்ளே விடாமல் தடுப்பது அதன் வேலை அல்ல. வந்த தண்ணீரைத் திருப்பி விட்டுவிடுவதுதான் வேலை. உள்பக்கமும் அன்றைக்கு நன்றாகக் காய்ந்தது. அறைக்கு ஒரு நிலக்கரி அடுப்பு எரியும், புகைபோக்கி அறைக் காற்றை ஓயாமல் மேலே இழுக்கும், ஜன்னல் இடுக்குகளில் வெளிக்காற்று நுழையும். வீடு குளிரும், ஆனால் காய்ந்திருக்கும்.

பிறகு வந்தவர்கள் புகைபோக்கியை அடைத்தார்கள். இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்டார்கள். உள்சுவரில் வினைல் பெயிண்ட் அடித்தார்கள். வெளியே செங்கல் இடுக்குகளில் சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சிமெண்ட் பூசினார்கள். இந்தக் கடைசி வேலை எனக்கு மிகவும் வருத்தம் தருவது. பழைய செங்கல் மென்மையானது, சிமெண்ட் அதைவிடக் கடினமானது. இடுக்கு வழியாக வெளியேற வேண்டிய ஈரம் செங்கல்லின் முகம் வழியாக வெளியேறப் பார்க்கும். உறைபனி வரும் இரவில் அந்த ஈரம் பனிக்கட்டியாகி விரியும்போது செங்கல்லின் முகம் சில்லுச்சில்லாகப் பெயர்ந்து விழும். தெருவில் நடக்கும்போது பாருங்கள்: சிமெண்ட் கோடுகள் துருத்திக்கொண்டு நிற்க, நடுவே செங்கற்கள் குழிவிழுந்திருக்கும் சுவர்கள் எத்தனையோ. ஆக, நீங்கள் இன்சுலேஷன் போடப்போவது காயும் வழிகளில் பாதி ஏற்கெனவே அடைபட்டுப்போன ஒரு சுவருக்கு.

கொஞ்சம் கணக்கு

சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 17 கிராம் வரை வைத்துக்கொள்ளும். 0 டிகிரியில் 5 கிராம்கூடத் தாங்காது. அறையில் 20 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்று 12 டிகிரியில் உள்ள ஒரு பரப்பைத் தொட்டதும் நீர்த்துளி படியத் தொடங்கும். இதைத்தான் பனிநிலை என்கிறோம். காலையில் ஜன்னல் கண்ணாடியில் வழியும் தண்ணீர் இதனால்தான். பூஞ்சைக்கோ துளி படிய வேண்டும் என்றுகூட இல்லை. பரப்பை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் தொடர்ந்து 80 சதவீதம் இருந்தாலே அது பிடித்துக்கொள்ளும்.

இப்போது வெளியே 0 டிகிரி. இன்சுலேஷன் இல்லாத ஒன்பது அங்குலச் சுவரின் யூ மதிப்பு சுமார் 2. ஒரு சதுர மீட்டர் சுவர் வழியே, உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கையில், எத்தனை வாட் வெப்பம் வெளியேறுகிறது என்பதே அந்த எண். நேரில் அளந்தால் பல பழைய சுவர்கள் இதைவிடக் கொஞ்சம் நன்றாகவே இருக்கின்றன, ஆனாலும் கணக்குக்கு 2 என்றே எடுத்துக்கொள்வோம். அப்படியானால் அறையைப் பார்க்கும் சுவர்ப் பரப்பு 15 டிகிரிக்குச் சற்றுக் கீழே இருக்கும். நாம் சொன்ன 60 சதவீத ஈரக்காற்று அந்தப் பரப்பைத் தொடும்போது அங்கே ஈரப்பதம் 80-ஐத் தாண்டிவிடுகிறது. அலமாரிக்குப் பின்னால் காற்றோட்டமும் இல்லை, ரேடியேட்டர் சூடும் எட்டாது, பரப்பு இன்னும் குளிர்ந்திருக்கும். பூஞ்சை முதலில் அங்கே வருவதற்கு இதுவே காரணம்.

சரி, உள்பக்கம் 60 மி.மீ. மரநார்ப் போர்டு ஒட்டிவிட்டோம். அறைப் பக்கப் பரப்பு 18.7 டிகிரிக்கு ஏறுகிறது. அங்கே ஈரப்பதம் 65 சதவீதம்தான், பூஞ்சைக்கு இடமில்லை. சுவரோரம் உட்கார்ந்தாலும் முதுகு சில்லிடாது. அறையின் உள்ளே இருப்பவருக்கு எல்லாம் தீர்ந்துவிட்டது.

போர்டுக்குப் பின்னால் பாருங்கள். செங்கல்லின் உள்முகம் முன்பு 15 டிகிரி பக்கம் இருந்தது. இப்போது அறையின் சூடு அங்கே போகாததால் 3.7 டிகிரிக்கு இறங்கிவிட்டது. பனிநிலையோ 12. அறைக் காற்று அந்த இடத்தை எட்டினால் நீர் படியாமல் இருக்க வழியே இல்லை. இன்சுலேஷன் தன் வேலையை எவ்வளவு நன்றாகச் செய்கிறதோ அவ்வளவுக்கு அந்தச் செங்கல் குளிர்ந்து கிடக்கும். அதோடு மழைத் தண்ணீரில் நனைந்த செங்கல் முன்பு வீட்டுச் சூட்டில் காய்ந்தது. அந்தச் சூடும் இப்போது இல்லை. பழைய சுவருக்கு உள்பக்க இன்சுலேஷன் போடுவதில் இருக்கும் சிக்கல் முழுவதும் இந்த ஒரு குளிர்ந்த பரப்பில்தான் இருக்கிறது.

அந்த இடத்துக்கு ஈரம் வரும் வழிகள் பல. போர்டின் ஊடாக நீராவி மெல்ல ஊடுருவும். அது மெதுவானது. அதைவிடப் பல மடங்கு ஆபத்தானது இடுக்கு வழியே காற்றே நேராகப் பின்னால் போவது: பிளக் சாக்கெட் ஓரம், தரைப்பலகை இடுக்கு, போர்டும் போர்டும் சேரும் இடம். வெளியிலிருந்து மழை ஊறும். மழை நின்று வெயில் அடித்தால், நனைந்த செங்கல் சூடாகி ஈரத்தை உள்பக்கமாகவும் தள்ளும். பலர் மறந்துபோவது இந்தக் கடைசி வழியைத்தான்.

அடைப்பதா, காய விடுவதா

உள்பக்க வேலையில் இரண்டு அணுகுமுறைகள் உண்டு. ஒன்று, அலுமினியத் தாள் ஒட்டிய பிஐஆர் என்ற கெட்டியான பிளாஸ்டிக் ஃபோம் போர்டு. அறையின் நீராவி ஒரு துளியும் பின்னால் போகாதபடி அடைத்துவிடுவது நோக்கம். தடிமன் குறைவு என்பது அதன் பெரிய கவர்ச்சி. மரநார் 60 மி.மீ. தரும் காப்பை பிஐஆர் 35 மி.மீ.-க்குள் தந்துவிடும். குறுகலான அறையில் இது சின்ன விஷயம் இல்லை. இணைப்புகளில் எல்லாம் டேப் ஒட்டி ஒழுங்காகச் செய்தால், காய்ந்த, மழை படாத சுவரில் இது வேலை செய்யும்.

ஆனால் அந்தத் தாள் இரண்டு பக்கமும் தடுக்கும். அறை ஈரம் வெளியே போகாது, சுவரின் ஈரமும் அறைப்பக்கம் காயாது. மழையில் ஊறிய தண்ணீர் வெயிலில் உள்நோக்கி வரும்போது தாளின் பின்முகத்தில் வந்து முட்டி நிற்கும். பத்து வருடத்தில் யாரோ படம் மாட்ட ஆணி அடிப்பார்கள், புது சாக்கெட் வைக்க ஓட்டை போடுவார்கள். ஒவ்வொரு ஓட்டையும் அறைக் காற்றுக்கு ஒரு வாசல். இதில் படுமோசமான முறை, போர்டின் பின்னால் அங்கங்கே பசையை உருண்டையாக அப்பி ஒட்டுவது. வேகமாக முடியும், செலவும் குறைவு என்பதால் பலர் இதைத்தான் செய்கிறார்கள். உருண்டைகளுக்கு நடுவே காற்று சுற்றிவர ஒரு குளிர்ந்த இடைவெளி உருவாகிவிடும். நம் 3.7 டிகிரிச் செங்கல் அங்கேதான் காத்திருக்கிறது.

இரண்டாவது அணுகுமுறை, ஈரத்தை உறிஞ்சிப் பரப்பி இரண்டு பக்கமும் காய விடும் பொருளைப் பயன்படுத்துவது. மரநார்ப் போர்டு, கால்சியம் சிலிக்கேட் போர்டு, கார்க் துகள் கலந்த சுண்ணாம்புப் பூச்சு போன்றவை இந்த வகை. பின்னால் கொஞ்சம் நீர் படிந்தாலும் போர்டின் நுண்துளைகள் அதை இழுத்து அறைப்பக்கம் கொண்டுவரும், அங்கே அது காயும். லண்டனின் வரிசை வீட்டுக்கு நான் இதையே சொல்வேன். முழுச் சுவர் என்றைக்கும் கொஞ்சம் ஈரமாகத்தான் இருக்கும். அதை ஏற்றுக்கொள்ளும் முறை இது. அடைக்கும் முறையோ எல்லாரும் எல்லா நாளும் ஒரு தவறும் செய்யாமல் இருந்தால்தான் பிழைக்கும்.

வேலை நடக்கும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். பழைய ஜிப்சம் பூச்சு, வால்பேப்பர், வினைல் பெயிண்ட் எல்லாவற்றையும் அகற்றிச் செங்கல் அல்லது பழைய சுண்ணாம்புப் பூச்சு வரை போக வேண்டும். மேடுபள்ளம் மறைய ஒரு சுண்ணாம்புப் பூச்சு பூசிச் சமன் செய்வார்கள். இதுவே காற்று புகாத ஒரு படலமாகவும் அமைந்துவிடுகிறது. அது காய்ந்த பின் போர்டின் முதுகு முழுவதும் சுண்ணாம்புப் பசையைப் பல் கரண்டியால் இழுத்து, சுவரோடு அழுத்தி ஒட்டுவார்கள். பசை படாத இடம் ஒரு கையளவுகூட இருக்கக்கூடாது. ஈரத்தை உறிஞ்சி இழுக்கும் வேலை தொட்டுக்கொண்டிருந்தால்தான் நடக்கும். அப்புறம் வட்டத்தலை ஆணிகள், வலை, இரண்டு கைச் சுண்ணாம்புப் பூச்சு. எல்லாம் சேர்த்து 80 மி.மீ. அளவு அறை சுருங்கும். வரிசையின் நடுவீட்டுக்கு வெளிச்சுவர் முன்னாலும் பின்னாலும் மட்டும்தான், பக்கச் சுவர்கள் அயலாரோடு பொதுவானவை. அதனால் நீங்கள் பயப்படும் அளவு இடம் போகாது.

எவ்வளவு தடிமன் போதும்? இதில் ஆசை வேண்டாம். அதே மரநார்க் கணக்கில், 20 மி.மீ. போட்டாலே யூ மதிப்பு 2-லிருந்து 1-க்கு வந்துவிடும், வெப்ப இழப்பு சரிபாதி. இன்னும் 40 மி.மீ. சேர்த்து 60 ஆக்கினால் 0.5. அதற்குமேல் 40 சேர்த்து 100 ஆக்கினால் கிடைப்பது 0.33 மட்டும். முதல் 20 மி.மீ. செய்த வேலையில் ஆறில் ஒரு பங்குதான் இந்தக் கடைசி 40 செய்கிறது. ஆனால் செங்கல் இன்னும் குளிரும், காய்வது இன்னும் தாமதமாகும். இங்கிலாந்தின் கட்டட விதிகள் சுவரைப் புதுப்பிக்கும்போது 0.30-ஐ இலக்காக வைக்கின்றன. ஆனால் பாரம்பரிய முறையில் கட்டிய வீடுகளில், கட்டடம் நாளடைவில் பழுதாகும் என்றால் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை என்று அதே விதிகளே இடம் தருகின்றன. வேலையைத் தொடங்கும்முன் கவுன்சிலின் பில்டிங் கண்ட்ரோலிடம் இதைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

சுவரின் நடுப்பகுதி எளிது. கஷ்டம் எல்லாம் ஓரங்களில். ஜன்னலின் பக்கவாட்டை அப்படியே விட்டுவிட்டால், சுற்றியுள்ள சுவர் சூடாகி அந்தப் பட்டை மட்டும் குளிர்ந்து நிற்கும், ஈரம் முழுவதும் அங்கே போய்ப் படியும். 20 மி.மீ. போர்டாவது மடித்து ஒட்ட வேண்டும். அதைவிட முக்கியம் மாடித் தளம். பல வீடுகளில் தளத்தைத் தாங்கும் மர உத்தரங்களின் முனைகள் வெளிச்சுவருக்குள் செருகியிருக்கும். முன்பு வீட்டுச் சூட்டில் காய்ந்துகொண்டிருந்த அந்த முனைகள் இன்சுலேஷனுக்குப் பின் குளிர்ந்த, ஈரமான செங்கல்லுக்குள் மாட்டிக்கொள்ளும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நீண்ட நாள் நின்றால் உளுத்துப்போகும். ஓரத் தரைப்பலகையைக் கழற்றி ஒவ்வொரு முனையையும் பார்க்காமல் யாரையும் போர்டு ஒட்ட விடாதீர்கள். முனை நன்றாக இருந்தால், அதைச் சுற்றி அறைக் காற்று புகாதபடி டேப்பும் பூச்சும் கொண்டு அடைக்க வேண்டும். வேலைக்காரர் “அதெல்லாம் தேவையில்லை” என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

வெளிப்பக்கம் போட்டால்?

ஈரத்தைப் பொறுத்தவரை வெளிப்பக்க இன்சுலேஷன்தான் சுவருக்கு நல்லது. செங்கல் முழுவதும் வீட்டுச் சூட்டுக்குள் வந்துவிடும், மழையும் படாது, உத்தர முனைகளும் சூடாக இருக்கும். ஆனால் தெருப்பக்கச் செங்கல் முகத்தை மறைக்கப் பல இடங்களில் அனுமதி கிடைக்காது, நடைபாதையை ஒட்டிய வீட்டில் இடமும் இருக்காது. பின்பக்கம் சமையலறையும் குளியலறையும் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிக்கு மூன்று பக்கமும் வெளிச்சுவராக இருந்தால் அங்கே வெளிப்பக்கம், முன்னறைகளுக்கு உள்பக்கம் என்று கலந்து செய்வது பல வீடுகளுக்குப் பொருந்தும்.

வெளிப்பக்கமும் அஜாக்கிரதையாகச் செய்தால் நாசம்தான். லங்காஷயரில் பிரஸ்டன் நகரின் ஃபிஷ்விக் பகுதியில் 2010-களின் தொடக்கத்தில் 300-க்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அரசு ஏற்பாடு செய்த திட்டத்தின் கீழ் வெளிப்பக்க இன்சுலேஷன் போட்டார்கள். மழைத் தண்ணீர் பின்னால் இறங்கிப் பல வீடுகளில் ஓதமும் பூஞ்சையும் பிடித்து, பூச்சு உதிர்ந்தது. பாடம் கற்றுக்கொண்டார்களா என்றால், 2025 அக்டோபரில் பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை அயரவைக்கிறது. அண்மைய அரசுத் திட்டங்களில் வெளிப்பக்க இன்சுலேஷன் போட்ட வீடுகளில் 98 சதவீதத்திலும், உள்பக்கம் போட்டவற்றில் 29 சதவீதத்திலும் சரிசெய்தே ஆக வேண்டிய பெரிய குறைகள் இருப்பதாக மதிப்பிட்டிருந்தது. இலவசமாகவோ மானியத்திலோ கிடைக்கிறது என்று கையெழுத்துப் போடும்முன் இந்த எண்களை நினைவில் வையுங்கள். 2019-இல் வந்த பாஸ் 2035 என்ற தரநெறி, வீட்டை முழுதாக ஆராய்ந்து காற்றோட்டத்தையும் சேர்த்துத் திட்டமிடச் சொல்கிறது. அந்த ஆய்வு அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். சும்மா ஒரு அரைமணி நேரம் அளவெடுத்துவிட்டுப் போனார்கள் என்றால் அது ஆய்வு அல்ல.

வெளியே எதைச் செய்தாலும் கூரை விளிம்பு புதிய தடிமனைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், ஜன்னல் அடிக்கட்டை தண்ணீரைத் தள்ளி ஊற்ற வேண்டும், மழைக்குழாய்கள் இடம் மாற வேண்டும். தண்ணீர் பின்னால் நுழைவது பெரும்பாலும் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில்தான்.

போர்டு வாங்கும்முன்

ஈரச் சுவரின்மேல் இன்சுலேஷன் போடக்கூடாது. இதைச் சொன்னதும் எல்லாரும் தலையாட்டுவார்கள், யாரும் காத்திருக்க மாட்டார்கள். நல்ல மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். கூரைப் பீலி நிரம்பி வழிகிறதா? மழைக்குழாயின் பின்பக்கம் வெடித்துச் சுவரை நனைக்கிறதா? பாதி ஓதத்துக்குக் காரணம் இப்படிப்பட்ட மலிவான விஷயங்கள்தான். அடுத்து, தரையருகே சுவருக்குள் ஓடும் ஈரத்தடுப்புப் பட்டையைத் தேடுங்கள். ஸ்லேட் கல்லாகவோ தாராகவோ இருக்கும். வெளித்தரை அதற்கு 150 மி.மீ. கீழே இருக்க வேண்டும். யாரோ தோட்டத்தில் கல் பாவித் தரையை உயர்த்தியிருந்தால், அந்தப் பட்டை இருந்தும் பயனில்லை. தரைப்பலகைக்கு அடியில் காற்று போக வைத்த துளைச் செங்கற்களைக் குளிருக்காக அடைத்திருந்தால் திறந்துவிடுங்கள்.

இந்தக் கட்டத்தில் ஒருவர் வந்து இரண்டு ஊசி உள்ள மீட்டரைச் சுவரில் குத்தி, “நிலத்திலிருந்து ஈரம் ஏறுகிறது, ரசாயனம் செலுத்த வேண்டும்” என்று சொல்லக்கூடும். அந்த மீட்டர் மரத்தின் ஈரத்தை அளப்பதற்காகச் செய்யப்பட்டது. பழைய பூச்சில் உப்பு இருந்தாலே அது எகிறும். தரை மட்டத்தையும் குழாயையும் சரிசெய்து, ஒரு பருவம் காத்திருந்து பார்த்தபிறகு அந்தப் பேச்சை எடுக்கலாம். சிமெண்ட் அடைத்த இடுக்குகளைச் செங்கல் உடையாமல் சுரண்டிச் சுண்ணாம்பு நிரப்ப வேண்டும். தண்ணீர் ஒட்டாத திரவத்தைச் சுவரில் பூசுவதை இதற்குப் பதிலாக நினைக்காதீர்கள். விரிசல் வழியே தண்ணீர் போகத்தான் செய்யும், வெளியேறுவது மட்டும் மெதுவாகும். ஊறிய செங்கல் காய்வதற்குக் கட்டடக்காரர்களின் பழைய கணக்கு, மாதத்துக்கு 25 மி.மீ. தடிமன். ஒன்பது அங்குலச் சுவர் நன்றாக நனைந்திருந்தால் பல மாதங்கள் ஆகும். ஆகவே பழுதுகளை வசந்தத்தில் முடித்து, கோடை முழுவதும் காய விட்டு, அப்புறம் போர்டைத் தொடுங்கள்.

வெல்ஷ் கரையோரம், கார்ன்வால், கம்ப்ரியா, மேற்கு ஸ்காட்லாந்து என்று காற்றோடு மழை சாடும் பகுதிகளில் இருப்பவர்கள் லண்டன்காரர்களைவிட இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும். அங்கே மேற்கு பார்த்த சுவருக்குக் கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. நிறுவனங்கள் வழக்கமாகக் காட்டுவது 1950-களின் இறுதியில் வந்த கிளேசர் முறைக் கணக்கு. அது நீராவியை மட்டும் பார்க்கும், மழையையும் செங்கல் தண்ணீரை உறிஞ்சுவதையும் பார்க்காது. ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் நிறுவனம் உருவாக்கிய வூஃபி என்ற மென்பொருள் மணிக்கு மணி மழையையும் வெயிலையும் சேர்த்துக் கணக்கிடும். எந்தக் கணக்கு செய்தீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

அப்புறம் காற்றோட்டம். நான்கு பேர் உள்ள வீட்டில் மூச்சு, குளியல், சமையல், துணி எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்குப் பத்து லிட்டர் தண்ணீர் காற்றில் கலப்பது சாதாரணம். ஒரு தடவை மெஷினில் போட்ட துணியை ரேடியேட்டர்மேல் உலர்த்தினாலே இரண்டு லிட்டர் பக்கம் வரும். நம் சமையலில் இடியப்பம், புட்டு, இட்லி என்று ஆவியில் வேகும் பண்டங்கள் வேறு. அவற்றை விடச் சொல்லவில்லை. சமையலறை விசிறி காற்றை வடிகட்டி அறைக்குள்ளேயே திருப்பி விடும் வகையா, வெளியே தள்ளும் வகையா என்று பாருங்கள். வெளியே தள்ளினால்தான் ஆவி போகும். விதிகளின்படி அடுப்புக்கு மேலே நொடிக்கு 30 லிட்டர், குளியலறையில் நொடிக்கு 15 லிட்டர் காற்றை இழுக்க வேண்டும். ஓர் ஏ4 தாள் விசிறியில் ஒட்டிக்கொண்டு நிற்கவில்லை என்றால் அது சத்தம் மட்டும்தான் போடுகிறது. இன்சுலேஷன் வேலையில் பல இடுக்குகள் அடைபடும், இதுவரை தற்செயலாக நடந்த காற்றோட்டமும் நின்றுபோகும். அதனால் விசிறிச் செலவைத் தனியாக நினைக்காமல் சுவர் வேலையின் செலவோடு சேர்த்தே போடுங்கள்.

பூஞ்சை அழுக்குப் பிரச்சினை மட்டும் அல்ல. 2020 டிசம்பரில் ராச்டேல் நகரில், பூஞ்சை படர்ந்த வாடகை ஃப்ளாட்டில் வாழ்ந்த இரண்டு வயதுக் குழந்தை மூச்சுக் கோளாறால் இறந்தது, காரணம் அந்தப் பூஞ்சைதான் என்று மரண விசாரணை அதிகாரி சொன்னார். அந்தக் குழந்தை அவாபின் பெயரில் வந்த சட்டம் 2025 அக்டோபர் முதல் இங்கிலாந்தின் சமூக வாடகை வீடுகளில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் இருப்பவர்கள் ஓதத்தைப் பற்றி எழுத்தில் புகார் கொடுங்கள், குறித்த காலத்துக்குள் வந்து பார்க்க வேண்டியது வீட்டு உரிமையாளரான அமைப்பின் கடமை. “ஜன்னலைத் திறந்து வையுங்கள்” என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள்.

வேலை முடிந்ததும் சுண்ணாம்புப் பூச்சு நிதானமாகக் காய விடுங்கள், ஹீட்டரை வைத்துச் சுடவைக்காதீர்கள், வெடிக்கும். மேலே அடிப்பது சுண்ணாம்பு அல்லது சிலிக்கேட் வகைப் பெயிண்டாக இருக்கட்டும். வினைல் அடித்தால் இவ்வளவு செலவு செய்து திறந்துவைத்த வழியை ஒரு டப்பாப் பெயிண்டில் அடைத்துவிட்டதாக ஆகும். அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள்.

போர்டு ஒட்டும்முன்பே, மழை அதிகம் படும் சுவரில் ஓரிரு உத்தர முனைகளில் சிறிய ஈர உணரிகளைப் பொருத்தச் சொல்லலாம். கம்பி தரைப்பலகைக்கு மேலே எட்டிப்பார்த்தால் போதும். முதல் குளிர்காலத்தில் எண் கொஞ்சம் ஏறி, கோடையில் இறங்கினால் சுவர் தன் வேலையைச் செய்கிறது. கோடை முடிந்தும் 20 சதவீதத்துக்குக் கீழே வரவில்லை என்றால் போர்டைக் கழற்ற அவசரப்படாதீர்கள், முதலில் ஏணி போட்டு அந்தச் சுவருக்கு மேலே உள்ள பீலியையும் மழைக்குழாய் இணைப்பையும் பாருங்கள்.